துர்க்கா எடுத்த மடிப்பிச்சை

மோர்னிங்சைட்,
ஸ்காபரோ, ரொறன்ரோ.
16.11.1997

அன்புள்ள தங்கச்சி துர்க்காவுக்கு அக்கா எழுதிக்கொள்வது,

நான் சுகமாக இருக்கிறேன். கடிதம் என்றால் முதல் வரியில் எல்லாரும் எழுதித் தள்ளும் சுகம் அல்ல இது. எனக்குப் புற்றுநோய் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வர எத்தனை கிழமை ஆகுமோ, வழியில் யார் யார் பிரித்துப் பார்ப்பார்களோ தெரியாது. அதனால்தான் சொல்ல வேண்டியதை முதலிலேயே எழுதிவிட்டேன். பாதி கிழிந்து வந்தாலும் இந்த வரி உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

ஆவணியில் நீ மல்லாவியிலிருந்து போட்ட கடிதம் போன வியாழக்கிழமைதான் கிடைத்தது. வேலையால் வந்து, குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தேன். எனக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கொழும்பிலிருந்து வந்த ஆட்கள் சொன்னதாகவும், உன்னைக் கவலைப்படுத்தக் கூடாதென்று நான் மறைப்பதாகவும் எழுதியிருந்தாய். எனக்குச் சுகம் வரும்வரை நாளுக்கு ஒரு நேரம்தான் சாப்பாடு என்று அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாய். இடம்பெயர்ந்து வந்த சனத்தின் கொட்டில் கொட்டிலாகப் போய், என் பெயரைச் சொல்லி, சேலைத் தலைப்பை ஏந்தி மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் பொங்கலும் பொங்கியிருக்கிறாய். நிவாரண அரிசியில் ஆளுக்கொரு பிடி போட்டார்கள், ஒருத்தரும் இல்லையென்று சொல்லவில்லை அக்கா என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன்.

சத்தி எடுப்பது எனக்கு இப்போது புதிய விஷயம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். சொல்லவே நாக்கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நான் அனுப்பிய படங்களை நீ இன்னும் வைத்திருந்தால் எடுத்துப் பார். ஒன்றிலாவது என் கழுத்துக்குக் கீழே தெரிகிறதா? ஏனக்கா எப்போதும் ஆட்களுக்குப் பின்னால் போய் நிற்கிறாய் என்று முன்பு ஒருமுறை நீ கேட்டு எழுதினாய். நான் பதில் எழுதவில்லை. துர்க்கா, உன் அக்கா முந்நூறு இறாத்தலுக்கு வந்திருந்தாள். நீ நினைத்துப் பார்க்கிற குண்டு இல்லை. பஸ்ஸில் ஏறினால் இரண்டு பேர் இருக்கிற இடம் எனக்கு ஒருத்திக்கே காணாது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி எழும்பிப் போய்விடுவாள். நான் வேலை செய்வது பிஸ்கட் தொழிற்சாலையில். உடைந்த பிஸ்கட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விடுவார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, இவர் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, யன்னல் சீலையை இழுத்துவிட்டு அந்தப் பெட்டியோடு இருப்பேன். ஊரிலிருந்து போன் வந்தால், இன்னார் போய்விட்டார் என்று கேட்டால், அழுகை வராது. பிரிட்ஜைத்தான் திறப்பேன். பசித்துத் தின்றேன் என்று நினைத்துவிடாதே. பசி வந்தே எத்தனையோ வருஷம்.

சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோ, படுத்தால் மூச்சுத் திணறல் என்று எல்லாம் சேர்ந்து வந்தபிறகு, இப்படியே விட்டால் ஐம்பது வயதைக் காணமாட்டாய் என்று குடும்ப டொக்டர் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார். இங்கே ஒரு ஒப்பரேஷன் செய்கிறார்கள். இரைப்பையின் மேல்பக்கத்தைக் கடதாசிக்கு அடிப்பதுபோல ஸ்டேப்பிள் அடித்து, ஒரு சின்னப் பையாக ஆக்கிவிடுவார்கள். பிறகு நாலைந்து கரண்டிக்கு மேல் சாப்பிட முடியாது. மீறிச் சாப்பிட்டால் நெஞ்சுக்குள் அடைத்து, வந்த வழியே திரும்பி வரும். டொக்டர் சொன்னதையெல்லாம் எனக்குத் தமிழில் சொன்னது உன் பெறாமகள், என் தனுஷிகாதான். பதினாலு வயது. தாய் என்னென்ன தின்கிறாள், எப்போது தின்கிறாள், ஒளித்துத் தின்கிறாளா என்று டொக்டர் கேட்டதை அவள்தான் என்னிடம் கேட்டாள், நான் சொன்னதை அவரிடம் சொன்னாள். ஒரு தாய் தன் பிள்ளையின் வாயால் கேட்கிற கேள்விகளா அவை?

மாசியில் ஒப்பரேஷன் நடந்தது. நடக்க முதலே வீட்டில் பெரிய மாநாடு, யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்று. மாநாடு என்றால் உன் அத்தான் ஒருவர்தான் பேசினார். அவர் இப்போது ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர், தெரியும்தானே. ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டக் கூடாது, பித்தப்பையில் கல் என்று சொல்லுவம் என்றார். நானும் ஓம் என்றேன். பொய் சொல்வானேன், எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. இங்கே ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் வான் பிடித்துக்கொண்டு சனம் வரும், பிளாஸ்கும் சூப்பும் தோடம்பழமுமாக. வராவிட்டால் குறை, சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய குறை. கல் என்றால் ஒருவரும் ஆராய மாட்டார்கள் என்று நினைத்தோம்.

பிறகு உடம்பு இறங்கத் தொடங்கியது. இறங்கியது என்றால் வடிவாக இல்லை. முகம் வற்றி, கன்னம் ஒட்டி, தலைமயிர் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டுண்டு, கைத்தோல் ஈரச் சீலைபோலத் தொங்கியது. கண்ணாடியில் பார்க்க எனக்கே அரியண்டமாக, அருவருப்பாக இருந்தது. ஆனால் மாத்திரைகள் குறைந்தன. படி ஏறி இறங்கினேன். சப்பாத்துக் கயிற்றை நானே குனிந்து கட்டிய அன்று கட்டிலில் இருந்து தனியாகச் சிரித்தேன். அதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஒரு ஆள் இல்லை. கல் எடுத்தவள் சப்பாத்துக் கட்டியதற்கு ஏன் சிரிக்கிறாள்?

ஆனியில் கமலாம்பிகை மச்சாளின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. இவருடைய தமக்கை, விட்பியில் புதிதாக வீடு வாங்கிப் போனவ. மண்டபம் எடுத்து, முந்நூறு பேருக்குச் சொல்லி, இரண்டு வீடியோக்காரரை வைத்துச் செய்தா. எனக்கு முன்னால் ஒரு பெரிய லட்டைக் கொண்டுவந்து, தின்னும் மச்சாள் என்றா. வேண்டாம் என்றேன். எங்கள் ஆட்களுக்கு வேண்டாம் என்ற சொல் காதில் ஏறுமா? வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு வை என்றுதானே விளங்கும்! "பிள்ளையின்ரை நல்ல நாளிலை மாமி வாயிலை ஒண்டும் வைக்கேல்லை எண்டால் என்ன முறை? எடும், ஆ காட்டும்" என்று வீடியோ வெளிச்சத்துக்கு முன்னால் முழு லட்டையும் என் வாய்க்குள் தள்ளிவிட்டா. துப்பவும் முடியாது. விழுங்கினேன். அது நெஞ்சில் போய் நின்றது. மிச்சத்தை நீயே நினைத்துப் பார். மணவறைக்கு முன்னால், பட்டுச் சேலையோடு, கழிப்பறைக்குப் போக முதலே. வீடியோக்காரனாவது கமராவை அந்தப் பக்கம் திருப்பினானா? இல்லை. நின்று நிதானமாகப் பிடித்தான், கோதாரி விழுவான்.

அந்தக் கசெட் இலண்டனுக்குப் போனது, பாரிசுக்குப் போனது, கொழும்பு வெள்ளவத்தைக்கும் போனது. பார்த்த எல்லாரும் சொல்லிவைத்ததுபோல ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஆள் இப்படி வற்றிப்போச்சு, சாப்பாடு நிற்குதில்லை, வயிற்றில் ஒப்பரேஷன் வேறு, இது கல் இல்லை, மற்றதுதான் என்று. எங்கள் சனம் அந்தப் பெயரையும் வாயால் சொல்லாது. மற்றது. மற்ற வருத்தம்.

இனித்தான் எனக்குச் சீ என்று போன இடம். கோயிலில் வைத்து ஒருவர் இவரிடம் நேரே கேட்டிருக்கிறார், வீட்டுக்காரிக்கு மற்ற வருத்தம் எண்டு கதைக்கினம், உண்மையோ என்று. இவர் என்ன செய்தார் தெரியுமா? இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. கீழே பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டாராம். அவ்வளவுதான், அடுத்த கிழமை முழு ரொறன்ரோவும் என்னை அரைவாசி எரித்து முடித்துவிட்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். அதற்கு அவர் அமைதியாகச் சொன்னார்: "உந்த வருத்தம் எண்டால் சனம் இரக்கப்படும். திண்டு கொழுத்து வயித்தைத் தைச்சது எண்டால் முதுகுக்குப் பின்னாலை சிரிக்கும். எது நல்லது? நீரே சொல்லும்." இருபது வருஷம் ஒன்றாக இருந்த மனிசன். என் கொழுப்பைவிட என் சாவு அவருக்கு மரியாதையாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு வந்தார்கள் துர்க்கா, வரிசையாக. ஹோர்லிக்ஸ் போத்தலும் அப்பிளும் கொண்டு. வந்து சோபாவில் இருந்து என் முகத்தையே பார்ப்பார்கள். முந்தி என் இடுப்பைப் பார்த்துத் தங்களுக்குள் கண்ணைக் காட்டிய அதே ஆட்கள். "நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும், பிள்ளையை நாங்கள் பாப்பம்" என்று தனுஷிகாவுக்கு முன்னாலேயே ஒருத்தி சொன்னா. பிள்ளை எழும்பி அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். பிறகு என்னிடம் வந்து, "அம்மா, பள்ளிக்கூடத்திலை எல்லாரும் என்னை ஹக் பண்ணினம். நான் அழுற மாதிரி அக்ட் பண்ண வேண்டிக் கிடக்கு. திஸ் இஸ் சோ கிரோஸ்" என்றாள். கிரோஸ் என்றால் அரியண்டம். அவள் சொன்னது சரியான சொல்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அப்படியே விட்டிருப்பேனோ என்னவோ. புரட்டாசியில் ஒரு பெண் தனியாக வந்தா. பெயர் எழுத மாட்டேன். அது அவவின் விஷயம், நான் எழுதுவதற்கு உரிமை இல்லை. தேநீரைத் தொடவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தலையில் இருந்த மயிரைக் கழற்றி மடியில் வைத்தா. பொய்மயிர். மொட்டைத் தலை. மார்பில் அந்த வருத்தமாம், சொந்தத் தாய் தகப்பனுக்கும் சொல்லவில்லையாம், மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று பயமாம். "உங்களுக்கும் எண்டு கேள்விப்பட்டவுடனை எனக்கு ஒரு ஆள் கிடைச்ச மாதிரி இருந்தது அக்கா. உங்களோடை கதைக்கலாம்தானே?" என்று கேட்டா.

என்னால் முடியவில்லை. எனக்கு அந்த வருத்தம் இல்லை, நான் வயிற்றைத் தைத்தவள் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.  அவ மயிரை எடுத்துத் திரும்பப் போட்டா. சரிவரவில்லை, கோணலாக நின்றது. நான் சரிசெய்யக் கையை நீட்டினேன், அவ தலையை அங்கால் எடுத்தா. வாசலில் நின்று, "நான் சொன்னதை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதைங்கோ" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனா. அன்று முழுக்க எனக்கு என் மணமே பிடிக்கவில்லை. குளித்தேன், திரும்பக் குளித்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் கடிதம்.

வியாழக்கிழமை அதை இவர் கையில் கொடுத்து, படியுங்கோ என்றேன். படித்தார். மடிப்பிச்சை வந்த இடத்தைத் திரும்பவும் ஒருமுறை படித்தார், கண்டேன். ஆனாலும் என்ன சொன்னார்? "எல்லாருக்கும் சொன்னாலும் துர்க்காவுக்கு மட்டும் எழுதாதையும். அங்கை சனம் சோத்துக்கு வரிசையிலை நிக்குது. இஞ்சை நீர் கூடச் சாப்பிட்டு வயித்தை வெட்டினீர் எண்டு எப்பிடி எழுதுவீர்? சுகம் வந்திட்டுது எண்டு எழுதும். அம்மன் காப்பாத்தினது எண்டு அவளும் சந்தோஷப்படுவாள்." யோசித்துப் பார்த்தால் அது லேசான வழி. நீ விரதத்தையும் முடித்திருப்பாய், நானும் நல்லவளாக இருந்திருப்பேன். ஒரு இரவு முழுக்க அப்படியே எழுதுவோமா என்று யோசித்தேன், மறைக்கவில்லை.

ஆனால் அந்த அரிசி என்னை விடவில்லை துர்க்கா. உன் தலைப்பில் ஒரு பிடி போட்டவள் அன்று தன் பிள்ளைக்கு ஒரு பிடி குறைத்துத்தானே சமைத்திருப்பாள்? யாருக்காக? உடைந்த பிஸ்கட்டைப் பெட்டி பெட்டியாகத் தின்றவளுக்காக. அதற்கு மேல் அம்மனையும் கூட்டுச் சேர்த்து இன்னொரு பொய் எழுத என் கை வரவில்லை.

நேற்றுக் காலை விட்பிக்குப் போன் எடுத்து மச்சாளுக்கு உள்ளதைச் சொன்னேன். அவவுக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரித்தான், எனக்கு வேலை மிச்சம்.  "அப்ப நாங்கள் கோயிலிலை உமக்கெண்டு செய்த பூசை?" என்று கேட்டா. அது வீணாகவில்லை, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்றேன். எங்கள் குடும்ப மானம் போச்சு, தம்பி இனிச் சங்கத்தில் எப்படி முகம் காட்டுவான் என்று ஒரு பாட்டம் ஏசினா. ஏசி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மச்சாள், அந்த டொக்டரின்ரை நம்பர் உம்மட்டை இருக்கோ? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றா. போனை வைத்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் வைத்தேன், கொடுக்காமல் என்ன செய்ய.

இவர் நேற்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மேசையில் வைத்துப் பகிரங்கமாகத்தான் எழுதுகிறேன். தனுஷிகா பக்கத்தில் இருக்கிறாள். சித்திக்கு ஹாய் சொல்லச் சொன்னாள். உன் பிள்ளை மிதுனனுக்குக் காற்சட்டைத் துணியும் பால்மாவும் கொழும்பு வழியாக அனுப்ப ஒரு ஆள் அகப்பட்டிருக்கிறது. நிவாரண மா ரொட்டி அவனுக்கு அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய், அதை நான் மறக்கவில்லை. முழுப் படம் ஒன்றும் இதோடு வைத்திருக்கிறேன். இந்த முறை யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. தோல் தொங்குகிறது, தலைமயிர் இல்லை, பார்த்துப் பயப்படாதே. அதுதான் நான்.

இனி உன்னிடம் கேட்பது. அம்மனிடம் போய், அக்காவுக்கு அந்த வருத்தமே இல்லையாம் என்று சொல்லி விரதத்தை முடித்துவிடு. அரிசி போட்ட ஆட்களிடமும் போ. ஒவ்வொரு கொட்டிலுக்கும் போய், என் அக்காவுக்குப் புற்றுநோய் இல்லை, அவ அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டுத்தான் வருத்தக்காரியானவ என்று உள்ளபடி சொல்லு. உனக்கு அது வெட்கம் என்று எனக்குத் தெரியும். என் வெட்கத்தை உன் தலையில் கட்டுகிறேன் என்றும் தெரியும். அவர்கள் காறித் துப்பினால் துப்பட்டும், அது எனக்கு வரவேண்டியதுதான். ஆரும் சிரித்தால், அவர்களோடு சேர்ந்து நீயும் சிரி. அந்த இடத்தில் சனம் சிரித்து எத்தனை நாளோ.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத மாட்டேன். மன்னித்துவிட்டேன் அக்கா என்று உடனே எழுதிவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. உனக்குக் கோபம் வரும், வராவிட்டால் நீ மனிசி இல்லை. அந்தக் கோபத்தை அப்படியே எழுது. எவ்வளவு பொல்லாததாக இருந்தாலும் எழுது. ஆனால் பிள்ளை, மூன்று நேரமும் சாப்பிட்டுவிட்டு எழுது.

உன் அக்கா,
யோகமலர்